எந்த எமர்ஜென்சியில ஆளு பொழைக்கிறாங்க? ரெண்டு ஆஸ்பத்திரிய சரியா ஒப்பிடுறது எப்படி

எங்க பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு ஞாயித்துக்கெழம காலையில. பெரட்டு (காலையில வேலைக்கு ஆள வரிசையா நிக்க வச்சு எண்ணுறது) இல்லாத நாளு, தோட்டத்து லயத்துல எல்லாரும் வீட்டுல இருந்தாங்க, அதனாலயே எங்க கொண்டு போறதுன்னு ஆளுக்கு ஒரு பேச்சு. மண் சடக்க (ரோட்ட) தாண்டுனா டவுன்ல இருக்குற சின்ன ஆஸ்பத்திரி கால் மணி நேரம், பெரிய ஆஸ்பத்திரின்னா ஹைவே ஏறி முக்கா மணி நேரம். "பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போனவங்க திரும்பி வர்றதில்ல, எங்கயும் இல்லாத சாவு அங்கதான்"னு ஒரு மாமா. "சின்ன ஆஸ்பத்திரியில பனடோல் குடுத்து அனுப்பிருவாங்க"ன்னு இன்னொருத்தரு. இப்படியே அரை மணி நேரம் போச்சு. பெரியப்பா பொழச்சுக்கிட்டாரு, ஆனா இன்னிக்கி வரைக்கும் நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. அந்த அரை மணி நேரத்த தின்னது ஒரு தப்பான கணக்கு, எந்த எடத்துல அதிகம் பேரு செத்தாங்கன்னு மட்டும் பாக்குற கணக்கு.

நான் மலேசியாவுல பேராக்குல செம்பனைத் தோட்டத்த ஒட்டுன டவுன்ல வளந்த ஆளு. ஆஸ்பத்திரி ரெக்கார்டு, டேட்டா, இதுதான் தெனமும் வேல. இந்த ஒப்பீட்ட எப்படி செய்யணும்னு எம்.ஏ (மெடிக்கல் அசிஸ்டெண்ட்) வேல பாக்குற தம்பிங்க, நர்ஸிங் படிக்கிற தங்கச்சிங்க அடிக்கடி கேக்குறாங்க, அதனால மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிர்றேன். பெரிய கணக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, கூட்டல் வகுத்தல் தெரிஞ்சா பாதி வரைக்கும் வந்துரலாம், மிச்சத்த கம்ப்யூட்டர் செய்யும்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். அரசாங்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட எடுத்து ஆராய்ச்சி பண்ணணும்னா என்எம்ஆர்ஆர்ல (தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவு செஞ்சு எம்ஆர்இசி (ஆராய்ச்சி நெறிமுறைக் குழு) அனுமதி வாங்கணும், அது இல்லாம ஒரு ஃபைலக்கூட தொடாதீங்க. ஐசிய (அடையாள அட்டை) வச்சு ரெக்கார்டுங்கள சேக்குற வேல முடிஞ்சதும், ஐசி நம்பர், பேரு ரெண்டையும் நீக்கிட்டு வேற ஒரு கோடு நம்பர் போட்டுத்தான் கணக்க ஆரம்பிக்கணும்.

சரி, மொத வேல என்னன்னா எத எண்ணப் போறோம்னு முடிவு பண்றது. சாவுன்னு சொல்றது ஈசி, ஆனா எந்த சாவு? எமர்ஜென்சி கட்டுலயே செத்தவங்களா, வார்டுக்கு போயி மூணாவது நாள் செத்தவங்களுமா, இல்ல வீட்டுக்கு போயி பத்தாவது நாள் செத்தவங்களுமா? எமர்ஜென்சி சாவ மட்டும் எண்ணுனா, ஆள சீக்கிரம் வார்டுக்கு தள்ளிவிடுற எடம் நல்ல எடமா தெரியும். ஆஸ்பத்திரிக்குள்ள நடந்த சாவ மட்டும் எண்ணுனா இன்னொரு ஓட்ட இருக்கு. நம்ம ஆளுங்க, இனிமே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டா, கையெழுத்து போட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்துருவாங்க, வீட்டுல போகட்டும்னு. ரெக்கார்டுல அவரு ஏஓஆர் டிஸ்சார்ஜ் (சொந்தப் பொறுப்புல போனவரு), உயிரோட போனாரு. மறுநாள் தோட்டத்துல கொட்டு சத்தம் கேக்கும். அதனால என்னோட முடிவு எப்பவும் ஒண்ணுதான், எமர்ஜென்சி வாசல்ல வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எங்க செத்தாலும் அது சாவு. அதுக்கு ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) எறப்பு பதிவோட ஐசிய வச்சு சேத்துப் பாக்கணும், கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா இத விட்டா மத்ததெல்லாம் வீண்.

அடுத்தது, எத்தன பேருல? இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. 1861-ல இங்கிலாந்து ஆஸ்பத்திரிங்கள்ல நடந்த சாவ ஒப்பிட்டு வில்லியம் ஃபார் போட்ட ஒரு கணக்கு இருக்கு, புளோரன்ஸ் நைட்டிங்கேல் அத 1863-ல வெளியிட்டாங்க. ரெண்டு பேருமே புள்ளியியல்ல பெரிய ஆளுங்க. ஆனா அந்த கணக்குல ஒரு வருஷத்து சாவ எடுத்து, ஒரே ஒரு நாள் கட்டுல படுத்திருந்தவங்க எண்ணிக்கையால வகுத்துட்டாங்க. லண்டன் 24 ஆஸ்பத்திரிக்கு வந்த விடை 90.84 சதவீதம். நூத்துக்கு 91 பேரு செத்த மாதிரி! வருஷம் பூரா எத்தன பேரு வந்து போனாங்க, வந்தவங்க என்ன நெலமையில வந்தாங்கன்னு பாக்காம போட்டதுன்னு அப்பவே மத்த டாக்டருங்க சண்டைக்கு வந்தாங்க. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே கீழ் எண்ணு வழுக்கிருச்சு, அதனால நாம நெதானமா போவோம். வரும்போதே உயிர் இல்லாம வந்தவங்க, பிஐடின்னு எழுதுவாங்களே, அவங்கள சாவு கணக்கு, வந்தவங்க கணக்கு ரெண்டுல இருந்தும் வெளிய எடுத்துரணும். எமர்ஜென்சி என்னதான் பண்ண முடியும் அவங்களுக்கு? அதே மாதிரி மருந்து சீட்டுக்கு மட்டும் வந்தவங்க, எம்சி (லீவுக்கான மருத்துவச் சீட்டு) வாங்க வந்தவங்க, இவங்கள ஒரு ஆஸ்பத்திரி எண்ணி இன்னொண்ணு எண்ணலன்னா கணக்கு கவுந்துரும்.

ரெஃபர் கேஸு இதுல ரொம்ப முக்கியம், கவனமா படிங்க. தோட்டத்துல செம்பனைக் குலை தலையில விழுந்தவரு மொதல்ல சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாரு. அங்க சிடி ஸ்கேன் இல்லன்னா மூச்சுக்கு டியூப் போட்டு ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அங்க மூணு நாள்ல எறந்துட்டாருன்னா சாவு பெரிய ஆஸ்பத்திரி புக்குல. சின்ன ஆஸ்பத்திரி புக்குல அவரு ரெஃபர், அவ்வளவுதான். இப்படி வருஷம் பூரா நடந்தா சின்ன எடம் சுத்தமாவும் பெரிய எடம் கொலைக்களமாவும் தெரியும். மாமா சொன்ன "அங்கதான் சாவு" இதுல இருந்து வர்றதுதான். நான் என்ன பண்ணுவேன்னா, ஒரு ஆளு மொதல்ல எந்த வாசல்ல நொழைஞ்சாரோ அந்த எடத்துக்கு கணக்கு. ரெண்டாவது எடத்துல அவர தனியா எண்ண மாட்டேன். இதுவும் முழுசா நியாயம் இல்லதான், ஏன்னா பெரிய எடத்துல நடந்த தப்பும் சின்ன எடத்து தலையில விழும், ஆனா ஒளிச்சு வைக்கிறதவிட இது மேல். முடிஞ்சா ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க, விடை மாறுதுன்னா அதையும் சேத்து எழுதுங்க.

இனி புத்தகத்த தொறக்கலாம். எங்க தாத்தா தோட்டத்து டிரஸ்ஸர், காயத்துக்கு கட்டு போட்டு மருந்து குடுக்குறவரு. செவப்பு அட்ட போட்ட ஒரு பெரிய புக்கு வச்சிருந்தாரு, யாரு வந்தா, என்ன அடி, என்ன மருந்து, எத்தன மணி, எல்லாம் ஒரே கையெழுத்துல. இன்னிக்கி கம்ப்யூட்டர்ல இருக்குறத பாத்தா, அந்த புக்கே தேவலன்னு பல நாள் தோணும். ஒரே ஆளு முனியாண்டி, முனியண்டி, எம். ஆண்டின்னு மூணு எழுத்துக் கூட்டல்ல மூணு ஆளா இருப்பாரு. பேர வச்சு சேக்காதீங்க, ஐசிய வச்சு சேருங்க. ஐசியில 12 நம்பர், மொத ஆறு பொறந்த தேதி, வருஷம் மாசம் நாள், அதுலயே வயச எடுத்துரலாம், கவுண்டர்ல கேட்டு எழுதுன வயச நம்ப வேணாம். ஆனா வருஷம் ரெண்டு நம்பர்தான், 20-ன்னு இருந்தா 1920-ல பொறந்த பாட்டியா 2020-ல பொறந்த புள்ளையான்னு வேற பக்கத்த பாத்து முடிவு பண்ணணும். தோட்டத்துல வேல பாக்குற பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசியா ஆளுங்களுக்கு பாஸ்போர்ட் நம்பர்தான், அது புதுப்பிச்சா மாறும், அதுக்கு தனியா ஒரு கோடு போட்டுக்குங்க. இவங்கள 30 நாளைக்கு அப்பறம் தேடுறதும் கஷ்டம், ஊருக்கே போயிருப்பாங்க. கெடைக்கலன்னு தூக்கிப் போடாதீங்க, எத்தன பேர எந்த எடத்துல காணோம்னு எண்ணி வைங்க.

கணக்குக்கு வருவோம். கீழ வர்ற நம்பரெல்லாம் புரியறதுக்காக நானே போட்டது, எந்த ஆஸ்பத்திரியோடதும் இல்ல. எமர்ஜென்சியில வந்தவங்கள நெலமைய பாத்து மூணு ஸோனா பிரிப்பாங்க: ரெட்டு ரொம்ப மோசம், எல்லோ நடுத்தரம், கிரீன் லேசு.

சின்ன ஆஸ்பத்திரி ஒரு வருஷம்: ரெட் ஸோன் 50 பேரு, செத்தது 12. எல்லோ ஸோன் 500 பேரு, செத்தது 20. கிரீன் ஸோன் 2000 பேரு, செத்தது 4. மொத்தம் 2550 பேருல 36, அதாவது 1.4 சதவீதம்.

பெரிய ஆஸ்பத்திரி: ரெட் 1000 பேரு, செத்தது 200. எல்லோ 4000 பேரு, செத்தது 120. கிரீன் 5000 பேரு, செத்தது 5. மொத்தம் 10000 பேருல 325, அதாவது 3.25 சதவீதம்.

மொத்த நம்பர பாத்தா பெரிய எடத்துல சாவு ரெண்டு மடங்குக்கு மேல. இப்ப ஒவ்வொரு ஸோனா பாருங்க. ரெட்ல சின்ன எடம் 24 சதவீதம், பெரிய எடம் 20. எல்லோல 4-க்கு 3. கிரீன்ல 0.2-க்கு 0.1. மூணு ஸோன்லயும் பெரிய எடத்துலதான் சாவு கம்மி! எப்படின்னா, பெரிய எடத்துக்கு வர்ற பத்து பேருல ஒருத்தரு ரெட்டு, சின்ன எடத்துல அம்பது பேருல ஒருத்தருதான் ரெட்டு. புள்ளியியல்ல இதுக்கு சிம்ப்சன் முரண்னு பேரு, எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல எழுதுனது. இத ஒரு தடவ உங்க கையால போட்டுப் பாத்துட்டீங்கன்னா அப்பறம் எந்த பேப்பர்லயும் வெறும் சாவு சதவீதத்த பாத்து ஏமாற மாட்டீங்க.

இத சரி பண்ற வழி, எதிர்பாக்குற சாவுன்னு ஒண்ண கணக்கு பண்றது. ரெண்டு எடத்தையும் சேத்து ரெட்ல 1050 பேருல 212, அதாவது 20.19 சதவீதம். எல்லோ 4500-ல 140, 3.11 சதவீதம். கிரீன் 7000-ல 9, 0.13 சதவீதம். சின்ன எடத்துக்கு வந்த அதே ஆளுங்க இந்த பொது விகிதத்துல செத்திருந்தா எத்தன? 50 ரெட்டுக்கு 10.1, 500 எல்லோவுக்கு 15.6, 2000 கிரீனுக்கு 2.6, கூட்டுனா 28.2. நடந்தது 36. 36-ஐ 28.2-ஆல வகுத்தா 1.28. பெரிய எடத்துக்கு எதிர்பாத்தது 332.8, நடந்தது 325, வகுத்தா 0.98. 1-க்கு மேல போனா எதிர்பாத்தத விட அதிகம், கீழ வந்தா கம்மி. இவ்வளவுதான், இத எக்செல்லயே செஞ்சுரலாம், கோப்பிக்கடையில ஒரு துண்டு பேப்பர்லயும் செஞ்சுரலாம்.

ஆனா இங்கயே நிறுத்தாதீங்க. ஸோன் கலர யாரு குடுக்குறா? அந்த ஆஸ்பத்திரி ட்ரையாஜ்ல, அதாவது வந்தவங்கள தரம் பிரிக்கிற எடத்துல, நிக்கிற ஆளு. ஒரு எடத்துல மூச்சு வாங்குற எல்லாருக்கும் ரெட்டு குடுப்பாங்க, இன்னொரு எடத்துல ரெட்டுல கட்டு காலியா இல்லன்னு எல்லோவுல ஒக்கார வைப்பாங்க. லேசான ஆளையும் ரெட்டுல போடுற எடத்துக்கு ரெட் சாவு கொறைவா தெரியும், எதிர்பாக்குற சாவும் ஏறும், ரெண்டு பக்கமும் லாபம். அதனால கலர விட்டுட்டு ஆளோட ஒடம்பு சொல்றத எடுக்கணும்: வயசு, மேல் பிரஷர், நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, நெனவு எந்த அளவுக்கு இருக்குன்னு சொல்ற ஜிசிஎஸ் 3-ல இருந்து 15 வரைக்கும். இதோட என்ன காரணத்துக்கு வந்தாரு, நெஞ்சு வலியா, மோட்டார் சைக்கிள் ஆக்ஸிடெண்டா, மூச்சுத் திணறலா, வெசம் குடிச்சதா. பழைய வியாதியும் வேணும், நம்ம சனங்களுக்கு இனிப்பு நீரும் கிட்னியும் இல்லாத வீடு கொறவு, டயாலிஸிஸ்ல இருக்குறவரும் இல்லாதவரும் ஒண்ணா?

இத்தனையும் ஸோன் மாதிரி பெட்டி பெட்டியா பிரிச்சா ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டு பேருதான் மிஞ்சுவாங்க. இங்கதான் லாஜிஸ்டிக் ரெக்ரெஷன்னு ஒரு கணக்கு முறை ஒதவும். வேல ரொம்ப எளிமையானது: செத்தாரு 1, பொழச்சாரு 0, பக்கத்துல வயசு பிரஷர் எல்லாம். எல்லா ஆஸ்பத்திரி ஆளுங்களையும் ஒண்ணா போட்டு, ஆஸ்பத்திரி பேர மட்டும் குடுக்காம மாடல ஓட்டுங்க. அது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கும். 70 வயசு, பிரஷர் 80, நெனவு மங்கலா வந்த தாத்தாவுக்கு 0.40, மோட்டார்ல சறுக்கி முட்டி தேஞ்சு வந்த 22 வயசு பையனுக்கு 0.002, இந்த மாதிரி. ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாரோட வாய்ப்பையும் கூட்டுனா அதுதான் அந்த எடத்தோட எதிர்பாக்குற சாவு. மிச்சம் மேல செஞ்ச அதே வகுத்தல். ஆர்னு ஒரு மென்பொருள் இருக்கு, காசு கெடையாது, அதுல இது ஒரே வரி.

மாடலுக்குள்ள எத விடணும் எத விடக்கூடாதுன்னு இருக்கு பாருங்க, இதுலதான் அதிகம் பேரு தப்பு பண்றாங்க, நானும் மொத தடவ பண்ணேன். ஆளு வாசல்ல நொழையறப்ப அவரு கூட வந்தது மட்டும்தான் உள்ள போகணும். நொழைஞ்சதுக்கு அப்பறம் நாம செஞ்சது எதுவும் போகக்கூடாது. ஈசிஜி எத்தன நிமிஷத்துல எடுத்தாங்க, ஆன்டிபயாடிக் எப்ப போட்டாங்க, ஐசியூ போனாரா, டியூப் போட்டாங்களா, இதெல்லாம் அந்த எடத்தோட வேல. லேட்டா ஈசிஜி எடுத்ததால செத்த ஆளுக்கு, லேட்டா எடுத்தாங்கன்னு மாடலுக்கு சொல்லிட்டீங்கன்னா, மாடல் என்ன சொல்லும்? லேட்டா எடுத்தா சாகுறது சகஜம், இந்த எடத்து மேல தப்பு இல்லன்னு சொல்லும். எத கண்டுபிடிக்க வந்தோமோ அதையே அழிச்சுருவோம்.

வயச 10 வருஷம் 10 வருஷமா வெட்டாதீங்க, 59-க்கும் 60-க்கும் நடுவுல சுவரு எதுவும் இல்ல, நம்பராவே விட்டு வளைவா போக விடுங்க. பிரஷரும் அப்படித்தான், ரொம்ப எறங்குனாலும் ஆபத்து, ரொம்ப ஏறுனாலும் ஆபத்து, நேர் கோடு அதுக்கு பொருந்தாது. எத்தன விஷயத்த உள்ள விடலாம்னா, ஒரு விஷயத்துக்கு கொறஞ்சது 10 சாவாவது இருக்கணும்னு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. மொத்தம் 60 சாவுதான் இருக்குன்னா 25 விஷயத்த திணிக்காதீங்க.

காணாம போன அளவு இன்னொரு தலவலி. மூச்சு எண்ணிக்கை பாதி பேருக்கு எழுதியே இருக்காது, எழுதுனதும் எல்லாருக்கும் 20-ன்னு இருக்கும். எண்ணாம எழுதுனதுன்னு பாத்தாலே தெரியும். இல்லாதவங்கள எல்லாம் தூக்கிட்டா, யாரு போவாங்கன்னு நெனைங்க: லேசா வந்து அளக்காம அனுப்புனவங்க ஒரு பக்கம், வந்த ஒடனே நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சதால அளக்க நேரமில்லாம செத்தவங்க இன்னொரு பக்கம். ரெண்டாவது கூட்டம் போயிட்டா சாவே மறஞ்சுரும். மல்டிபிள் இம்ப்யூட்டேஷன்னு ஒரு முறை இருக்கு, இருக்குற மத்த அளவ வச்சு இல்லாதத பல தடவ ஊகிச்சு ஒவ்வொரு தடவையும் மாடல ஓட்டி சேக்குறது, அத படிச்சுக்குங்க. ஆனா முக்கா பங்கு காணோம்னா அந்த விஷயத்தையே விட்டுருங்க.

மாடல் நல்லா வேல செய்யுதான்னு பாக்காம அடுத்தது போகக்கூடாது. எல்லாரையும் வாய்ப்பு கொறஞ்சவர்ல இருந்து கூடுனவர் வரைக்கும் வரிசையா நிக்க வச்சு, பெரட்டுல நிக்க வைக்கிற மாதிரி, பத்து கூட்டமா பிரிங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் மாடல் எத்தன சாவு சொல்லுது, எத்தன நடந்துச்சு? கீழ் கூட்டத்துல 3 சொல்லி 4 நடந்தா சரி. மேல் கூட்டத்துல 90 சொல்லி 140 நடந்தா, ரொம்ப மோசமான ஆளுங்கள மாடல் லேசா எடை போடுதுன்னு அர்த்தம், அப்ப மோசமான ஆளுங்க அதிகம் வர்ற பெரிய எடம் அநியாயமா மாட்டிக்கும். இத சரி பண்ணாம யாருகிட்டயும் நம்பர காட்டாதீங்க.

இனி 1.28-க்கு திரும்பி வர்றேன், ஏன்னா அந்த நம்பர அப்படியே வெளிய சொன்னா ஒரு எடத்து பேரு கெட்டுரும். 36 சாவுங்கறது சின்ன எண்ணு. அதே எடம், அதே டாக்டருங்க, அதே மாதிரி ஆளுங்க, இன்னொரு வருஷம் ஓட்டுனா 28-ம் வரலாம், 44-ம் வரலாம், வெறும் தற்செயல்தான். தற்செயலா எவ்வளவு ஆடலாம்னு காட்டுற 95 சதவீத எல்லைய 36-க்கு போட்டா ஏறக்குறைய 25-ல இருந்து 50 வரைக்கும் போகும், 28.2-ஆல வகுத்தா 0.89-ல இருந்து 1.77 வரைக்கும். 1 உள்ளதான் இருக்கு. அப்படின்னா சின்ன எடம் மோசம்னு சொல்ல ஆதாரம் பத்தல, நல்லாருக்குன்னு சொல்லவும் பத்தல. இத சொல்றதுக்கு பலருக்கு மனசு வராது, வருஷம் பூரா வேல செஞ்சு தெரியலன்னா சொல்றதுன்னு கேப்பாங்க. சொல்லத்தான் வேணும். சாவே இல்லன்னாலும் அப்படித்தான். ரெட்ல 30 பேரு வந்து ஒருத்தரும் சாகலன்னு ஒரு எடம் பெருமப்பட்டா, 3-ஐ வந்தவங்க எண்ணிக்கையால வகுக்குறது ஒரு குறுக்கு வழி, 3-ஐ 30-ஆல வகுங்க, உண்மையான விகிதம் 10 சதவீதம் வரைக்கும்கூட இருக்கலாம்.

இத கண்ணால பாக்குறதுக்கு ஃபனல் பிளாட்னு ஒரு படம், புனல் மாதிரி. டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005-ல ஆஸ்பத்திரிங்கள ஒப்பிடுறதுக்கு இத எப்படி போடணும்னு விளக்கமா எழுதுனாரு. படுக்க கோட்டுல எதிர்பாக்குற சாவு, நிக்கிற கோட்டுல அந்த வகுத்த நம்பர், நடுவுல 1-ல ஒரு கோடு. ரெண்டு பக்கமும் எல்லைக்கோடு வரையணும்: எதிர்பாக்குற சாவோட ஸ்கொயர் ரூட்ட எடுத்து, 1.96-ஐ அதால வகுத்து, 1-ல கூட்டி ஒரு புள்ளி, கழிச்சு ஒரு புள்ளி. எதிர்பாத்தது 28.2-ன்னா எல்லை 0.63-ல இருந்து 1.37, நம்ம 1.28 உள்ளதான் நிக்குது. எதிர்பாத்தது 400-ன்னா 0.90-ல இருந்து 1.10, அங்க 1.28 வந்தா விஷயம் பெருசு. எதிர்பாத்தது அஞ்சே அஞ்சுன்னா எல்லை 0.12-ல இருந்து 1.88, அவ்வளவு சின்ன எண்ணுக்கு இந்த குறுக்கு வழி துல்லியமும் இல்ல, வருஷக் கணக்கா சேத்துட்டு வாங்க. 1.96-க்கு பதிலா 3.09 போட்டு இன்னொரு எல்லையும் வரைங்க. 20 எடத்த ஒப்பிட்டா ஒண்ணு தற்செயலாவே மொத எல்லைய தாண்டும், அதனால வெளி எல்லைய தாண்டுனா மட்டும் மணி அடிங்க. தயவு செஞ்சு ஒண்ணாவது எடம் ரெண்டாவது எடம்னு பட்டியல் போடாதீங்க, தற்செயலா ஆடுற நம்பர பரிச்ச ரிசல்ட் மாதிரி ஆக்கிரும்.

பத்து பதினஞ்சு எடத்துக்கு மேல டேட்டா இருந்தா மல்டிலெவல் மாடலுக்கு போகலாம், ஆர்ல எல்எம்இ4னு ஒரு பேக்கேஜ் இருக்கு. அது என்ன பண்ணுதுன்னா, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு பெரிய குடும்பத்து புள்ளன்னு வச்சுக்கிட்டு, ஆளு கொறவா இருக்குற எடத்தோட நம்பர சராசரி பக்கம் இழுத்து விடும், ஆளு அதிகமா இருக்குற எடத்த அது பாட்டுக்கு விட்டுரும். சின்ன எடத்து மேல அவசரமா பழி விழாம இருக்க இது நல்லது. ஆனா சின்ன எடத்துல உண்மையிலயே பிரச்சன இருந்தா அதையும் இழுத்து மூடிரும், அதனால இழுத்த நம்பரையும் இழுக்காத நம்பரையும் பக்கத்து பக்கத்துல வைங்க. ரெண்டே எடம், மூணே எடம் வச்சுக்கிட்டு இத ஓட்டுறதுல அர்த்தமே இல்ல.

ஒரே எடத்த வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடறவங்களுக்கு ஒரு வார்த்த. தோட்டப் பக்கத்து எமர்ஜென்சிக்கு வர்ற ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. பாராகுவாட் களைக்கொல்லிய மலேசியாவுல 2002-ல தட பண்ணி, 2006-ல தளர்த்தி, 2020 ஜனவரி 1-ல இருந்து முழுசா தட பண்ணாங்க. அத குடிச்சிட்டு வந்தவங்கள காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், சாவு வீட்டுக்கு போயிருப்போம். அந்த கேஸு கொறஞ்சா எமர்ஜென்சியோட சாவு விகிதம் தானா எறங்கும், அது டாக்டரோட கெட்டிக்காரத்தனம் இல்ல. அதே வருஷம் மார்ச் 18-ல எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) வந்து சடக்கெல்லாம் காலி, லேசான வியாதிக்கு யாரும் ஆஸ்பத்திரி பக்கமே வரல. 2019-ஐயும் 2020-ஐயும் பக்கத்துல வச்சு நல்லாயிருச்சு, கெட்டுப்போச்சுன்னு பேசுறதுக்கு முன்னாடி வந்த ஆளுங்கள பாருங்க.

எல்லாம் செஞ்சு ஒரு எடம் வெளி எல்லைய தாண்டி நிக்குதுன்னு வைங்க. ஒடனே அந்த எடத்து ஆளுங்க மேல பாயாதீங்க. மொதல்ல டேட்டா, 30 ஃபைல எடுத்து கம்ப்யூட்டர்ல இருக்குறதும் பேப்பர்ல இருக்குறதும் ஒண்ணான்னு பாருங்க. பாதி நேரம் பிரச்சன அங்கயே முடிஞ்சுரும். அடுத்தது ஆளுங்க, மாடலுக்கு தெரியாத ஏதாவது, உதாரணத்துக்கு பக்கத்துல முதியோர் இல்லம், ஹைவே. அதுக்கு அப்பறம் கட்டு, மெஷின், நைட் ஷிப்டுல எத்தன பேரு. மனுசன் கடைசி. இந்த வரிசைய மாத்துனீங்கன்னா அடுத்த வருஷம் மோசமான ஆள உள்ள சேக்கவே பயப்படுவாங்க, சீக்கிரமா ரெஃபர் பண்ணி கைய கழுவ பாப்பாங்க, அது நம்ம பெரியப்பா மாதிரி ஆளுங்க தலையிலதான் விடியும்.

நம்ம டவுன் மாதிரி சின்ன எமர்ஜென்சிக்கு சாவு எண்ணிக்கை வருஷக் கணக்கா சேந்தாத்தான் பதில் கெடைக்கும். அது வரைக்கும் சும்மா இருக்க வேணாம், நேரத்த எண்ணுங்க. நெஞ்சு வலின்னு வந்தவருக்கு 10 நிமிஷத்துல ஈசிஜி, ரத்தக் குழாய் அடச்ச ஹார்ட் அட்டாக்னா வாசல்ல நொழைஞ்சதுல இருந்து 30 நிமிஷத்துல கட்டிய கரைக்கிற ஊசி, இது ரெண்டும் பல எடத்துல வச்சிருக்குற அளவுகோல். ஊசி இருக்குற சின்ன ஆஸ்பத்திரியிலயே இத செஞ்சுரலாம், ஹைவே ஏற வேண்டியதில்ல. செத்தவங்க பத்து பேருன்னா நெஞ்சு வலியில வந்தவங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க, அதனால இந்த நம்பர் சீக்கிரமே ஆடாம நிக்கும். சராசரி போடாதீங்க, ஒருத்தரு ரெண்டு மணி நேரம் காத்திருந்தா சராசரி கெட்டுரும். எத்தன பேருக்கு 30 நிமிஷத்துக்குள்ள நடந்துச்சுன்னு எண்ணுங்க, மாசா மாசம் ஒரு புள்ளி வைங்க.

அத எண்ணப் போனப்ப ஒரு எடத்துல பாத்தது. பாதி பேருக்கு, கவுண்டர்ல பதியறதுக்கு முன்னாடியே ஈசிஜி எடுத்ததா டேட்டா சொல்லுது. வந்த நேரம் 9:12, ஈசிஜி 9:05. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன். நேர்ல போயி நின்னு பாத்தா, கவுண்டர்ல சுவரு கடிகாரம் பாத்து எழுதுறாங்க, ஈசிஜி பேப்பர்ல மெஷினோட நேரம் அடிக்குது, ரெண்டுக்கும் 11 நிமிஷம் வித்தியாசம். 10 நிமிஷத்த அளக்க 11 நிமிஷம் தப்பா ஓடுற கடிகாரம். நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க எடத்துல கவுண்டர், ட்ரையாஜ், ஈசிஜி மெஷின், மருந்து அலமாரி பக்கத்துல இருக்குறது, எல்லா கடிகாரத்தையும் கைபேசி நேரத்துக்கு திருப்பி வைங்க, வாரத்துக்கு ஒரு நாள் யாரு சரி பாக்குறதுன்னு பேரு எழுதி ஒட்டுங்க, அந்த தேதியில இருந்து எண்ண ஆரம்பிங்க.